பதினொன்று: ஒதுக்கம்

தையல்கூடத்துத் தகரக் கூரையில்
நாற்பத்தெட்டு வெள்ளைப் பெட்டிகள்.
கொழும்பிலிருந்து வந்த ருச்சிர
எல்லாவற்றையும் முழுப் பலத்தில் விட்டுவிட்டு
பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போனான்.

விடிய, பதினாலாம் லைனில்
ஸ்கேனர் ஒன்றும் அசையவில்லை.
"அஞ்சு கோடும் நிக்குது அக்கா,
ஆனா ஒண்டும் போகுதில்லை"
என்றாள் இசைநிலா,
கழுத்துப்பட்டிக் கட்டுகளை மடியில் வைத்தபடி.
கணக்குப் பலகையில் அவளுக்கு நேரே சிவப்பு.

கரடிப்போக்குச் சந்தியில்
ஐஸ்கிறீம் வானும் லொத்தர் வானும் சேர்ந்து பாடும்போது
சத்தத்துக்கா குறை?

ஒவ்வொரு பெட்டியும் கதைக்குமுன் காது கொடுக்கும்.
காற்றில் ஆராவது இருந்தால் பொறுக்கும்.
எவ்வளவு நேரமென்று
தனக்குள் ஒரு சீட்டுக் குலுக்கி,
எண்ணி முடித்து,
மறுபடி காது கொடுக்கும்.
மரியாதையான சாமான்தான்.
நாற்பத்தெட்டும் ஒன்றையொன்று கேட்கிற கூரையின் கீழ்
அந்த மரியாதையே
வேலை நேரம் முழுவதையும் தின்றுவிடும்.

ஒன்று, ஆறு, பதினொன்று.
ஒன்றோடொன்று முட்டாத சானல் இந்த மூன்றும்தான்.
காலியாய்க் கிடக்கிறதே என்று
யாரோ ஒரு பெட்டியை மூன்றில் விட்டிருந்தார்கள்.
அது ஒன்றுக்கும் விளங்காமல் ஆறுக்கும் விளங்காமல்
இரண்டு பக்கமும் இரைந்துகொண்டிருந்தது.
ஒரே சானலில் நிற்கிறவர்கள்
முறை வைத்தாவது கதைப்பார்கள்.
அரைகுறையாய் மேலே விழுகிறவனோடு
என்ன முறை வைப்பது?

இரண்டு இரவு
துணி தள்ளுகிற வண்டிலில் மடிக்கணினியை வைத்து
லைன் லைனாய் நடந்தேன்.
வரைபடத்தில் மூன்று நிறப் பென்சில்.
பலத்தைக் குறைத்தேன். குறைத்தேன். இன்னும்.
பத்தொன்பதை அணைத்தேன்.

"காசு குடுத்து வாங்கினதை ஏன் பிள்ளை நிப்பாட்டுறீர்?
உதெல்லாம் எங்க படிச்சனீர்?"
வவுனியாவில், தொழில்நுட்பக் கல்லூரியில் என்றேன்.
பொய்யில்லை, சான்றிதழ் இருக்கிறது.
காது கொடுக்காமல் வாய் திறக்கக் கூடாதென்பதை மட்டும்
அதற்கு முன்னமே,
பதினேழு வயதில், ஒரு காட்டுக்குள்,
வேறொரு பெட்டியின் முன் இருந்து பழகினேன்.
அந்த அலைவரிசை எண்கள் இன்னும் பாடம்.
யாரும் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர்களின் கருவிகளுக்கு
ஐந்து கிகாஹேர்ட்ஸ். இடம் தாராளம்.
ஆனால் எங்கேயோ ஒரு ராடர் சுழன்றால்
சில சானல்களை விட்டு உடனே எழும்பவேண்டும்,
அது சட்டம்.
அரை மணித்தியாலம் திரும்பிப் பார்க்கவும் கூடாது.
பதிவேட்டில் ஒற்றை வரி:
02:14 ராடர். ஐம்பத்திரண்டிலிருந்து நாற்பத்துநாலுக்கு.
பாயில்லை, பானையில்லை,
கைப்பிள்ளை இல்லை.
இப்படியும் இடம்பெயரலாம்.

மூன்றாம் நாள் எல்லா லைனும் பச்சை.
பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்க
கன்ரீன் பக்கம் காற்று நிரம்பியது.
லொக்கரிலிருந்து வெளியே வந்த போன்கள்.
டேட்டா போட்டவள் ஒருத்தி, ஒட்டிக்கொள்ள ஐந்து பேர்.
என் திரையில் பெயர்கள் எழும்பின:
கட்டார் வினோ
பாஸ்வேட் கேக்காதை
சுவிஸ் மாமி
கொஞ்சம் பொறு

தடைசெய் என்று கடிதம் வந்திருந்தது.
கஷ்டமில்லை.
கொம்பனிப் பெட்டிக்கு அந்தக் குணமும் உண்டு:
அந்நியப் பெட்டியின் குரலிலேயே
அதன் ஆட்களுக்கு 'வெளியே போ' என்று சொல்லும்.
சின்னக் கட்டத்துக்குள் ஒரு சரி போட்டால் போதும்.
அம்புக்குறி அந்தக் கட்டத்தின் மேலே நின்றது.
சோறு ஆறிப்போனது.

பிறகு கன்ரீன் பக்கத்துப் பெட்டிகளை
ஒன்றுக்கும் ஆறுக்கும் ஒதுக்கினேன்.
அறிக்கையில் எழுதினேன்,
பதினொன்று: ஒதுக்கம்.
காரணம் என்ற இடத்தில்: பராமரிப்பு.

வேம்படியில் இசைநிலா
போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
கேக்குதா, கேக்குதா என்றாள்.
ஆ, இப்ப கேக்குது.
பிறகு குரலைத் தாழ்த்தி
என்னவோ சொல்லத் தொடங்கினாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.